பார்த்ததை வரைந்தவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாளே கைப்பேசியில் என்ன செய்தி வரும் என்று எனக்குத் தெரியும். "இப்படி நடக்கல லா. நீ பார்க்காததயெல்லாம் எழுதி வச்சிருக்க." அதனால் பெயர் வேண்டாம். நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். அது போதும். இத்தனை நாள் கழித்தும் அந்தப் பருவத்தை நினைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நாங்கள் படித்த கல்லூரி தெப்ராவ் பக்கம் ஒரு கடைவீட்டு வரிசையின் மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் ஒரு கிளினிக், அதற்கடுத்து டயர் கடை. ரொட்டி சானாய் பரோட்டா வேகும் வாசனையும் மேலே இருந்து இறங்கும் ஃபார்மலின் நெடியும் நடுப்படியில் சந்தித்துக்கொள்ளும். முதல் மாதம் முழுக்க எனக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. அவள் நடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சி, "இன்னிக்கு ஃபார்மலின் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போவாள்.

அவள் லாயாங் லாயாங்கிலிருந்து வந்தவள். நான் லாபிஸ் ஊர்க்காரி. வாடகை அறையில் ஒரே கட்டில் மேலும் கீழும், ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை. வாழ்க்கையில் யாரோடும் அவ்வளவு நெருங்கி இருந்ததில்லை, யாரிடமும் அவ்வளவு எரிச்சல் பட்டதும் இல்லை. காரணம் ஒன்றுதான். அவளுக்கு எது தெரிகிறதோ அதைத்தான் சொல்வாள், அதைத்தான் எழுதுவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். கேட்டால்தான் சொல்வாள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் நாம்தான் கேட்டுத் தொலைக்கிறோமே.

ஒரு தீபாவளிக்கு அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் ஆட்டுக்கறியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவும் அந்தக் குஷியில் இவளிடம், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். இவள் மென்றாள். யோசித்தாள்.

"மசாலா நல்லாருக்கு ஆன்டி. கறி இன்னும் கொஞ்சம் வேகணும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். பிறகு பானையைத் தூக்கித் திரும்ப அடுப்பில் வைத்தார். "காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் பிரமாதம்னுட்டுப் போனாங்களே, பல்லு இல்லாதவங்களா எல்லாரும்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டார். அவள் ஊருக்குப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ண இனிமே கூட்டிட்டு வராத. இல்ல, கூட்டிட்டு வா. ஆனா விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு வா."

கல்லூரியில் இந்தக் குணம் விலை கேட்டது. எங்கள் படிப்பில் எல்லாமே வரிசை. உயிரியல் ஒன்றுக்கு ஒரு விரிவுரை வகுப்பு, ஓர் ஆய்வுக்கூட வகுப்பு. இரண்டிலும் தேறினால்தான் உயிரியல் இரண்டில் உட்காரலாம். வேதியியலும் அப்படியே. ஒன்றில் சறுக்கினால் பின்னால் உள்ளது எல்லாம் நின்றுவிடும். அவள் அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர், ஒற்றை ஆளாக அவளைப் படிக்க வைத்தவர். அவர் பஸ் நிலையத்தில் வழியனுப்பும்போதே என் காதுபடச் சொன்னார்: "நல்லா படி. ஆனா ஒரு தடவ பெயிலானாலும் சாமானக் கட்டிட்டு வந்துரு. மாமா கூட சிங்கப்பூரு ஃபேக்டரிக்குப் போயிரு. என்னால முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே முடியாதவர் சொல்லும் குரல் அது.

இப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சீனியர்கள் விட்டுப்போன ஆய்வறிக்கைகள் எங்கள் கைப்பேசிக் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தன. அமிலத்தையும் காரத்தையும் அளந்து கலக்கும் சோதனைக்கு எந்த அளவில் இளஞ்சிவப்பு நிறம் வரும் என்பது சோதனை தொடங்கும் முன்பே எங்களுக்குத் தெரியும். நிறம் எங்கே வந்தாலும் அந்த எண்ணைத்தான் எழுதுவோம். அவள் தனக்கு வந்த எண்ணை எழுதினாள். வேதியியல் டீச்சர் அரை மதிப்பெண்ணை வெட்டினார். திரும்பச் செய்தாள், திரும்பவும் தப்பான எண். கடைசியில் பார்த்தால் தவறு அவளுடையதுதான். குழாயின் அளவுக்கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காமல் மேலே இருந்து பார்த்திருக்கிறாள். அதையும் அறிக்கையின் அடியில் எழுதிக் கொடுத்தாள்: 'நான் குனிந்து பார்க்கவில்லை.' டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "இது நல்ல பொண்ணா, லூசா?" என்று கேட்டார். எனக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

உயிரியல் சாரோடுதான் அவளுக்கு முட்டிக்கொண்டது. சார் ஐம்பதைத் தாண்டியவர், சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துவார். பலகையில் இதயத்தை வரைந்தால் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்து முடிப்பார், நாங்கள் கைதட்டுவோம். எங்களை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு. "பரீட்சைத் தாளத் திருத்துறவன் பாடநூலப் பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் திருத்துவான். அவன் கண்ணுக்கு என்ன வேணுமோ அத வரைங்க பிள்ளைங்களா. ஆராய்ச்சியெல்லாம் டாக்டர் ஆனப்புறம் பண்ணலாம்." நாங்கள் தலையாட்டினோம். அவள் ஆட்டவில்லை.

செம்பருத்தியைப் பிரித்து வரையும் வகுப்பில் அவளுக்கு வாய்த்த பூவுக்கு ஆறு இதழ். நானும் எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். கல்லூரிக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்துச் செடியில் பறித்தது. ஆயிரத்தில் ஒன்று அப்படிப் பூக்குமோ என்னவோ. அவள் ஆறு இதழையும் வரைந்து கொடுத்தாள். சார் அதை வகுப்பில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"நம்ம நாட்டுத் தேசிய மலரு செம்பருத்தி. அதுக்கு ஏன் அஞ்சு இதழ்? நாம பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற தேசியக் கோட்பாடு அஞ்சு. ஆறாவது கோட்பாடு என்னம்மா, உங்க வீட்டுல எழுதுனதா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. அவள் மறுநாள் அந்தப் பூவை ஒரு டிஷ்யூவில் சுற்றி எடுத்து வந்தாள். செம்பருத்தி ஒரு நாள் பூ. பிரித்தபோது கருத்துச் சுருண்ட ஒரு திரி மட்டும் இருந்தது. "ஆறு இருந்துச்சு சார்" என்றாள். "இருந்துச்சா? இப்ப எண்ணிக் காட்டு பாப்போம்" என்றார் சார். மறுபடி சிரிப்பு. அவள் அந்தத் திரியைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மதிப்பெண் போனது போனதுதான்.

சார் தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் விரதம் இருந்து பால்குடம் எடுப்பவர். அந்த ஆண்டு நன்றாக இளைத்திருந்தார். இடைவாரில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். "சார், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க!" என்று நாங்கள் கொஞ்சுவோம், அவருக்கும் பெருமை தாங்காது. அவள் மட்டும் ஒரு நாள் கேட்டாள்: "சார், விரதம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சே?"

"உடம்பு பழகிக்கிச்சும்மா. ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுது. முருகன் குடுத்த டயட்டு."

படியேறும்போது சார் இடுப்பின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்று அறைக்கு வந்து என்னிடம் சொன்னாள். வயசானவர் எதையாவது பிடித்துக்கொண்டு ஏறட்டுமே, உனக்கென்ன என்றேன்.

பருவம் முடியப்போகும் நேரத்தில்தான் ரத்தப் பாடம் வந்தது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பரப்பி, காயவைத்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். முன்பெல்லாம் மாணவர்களே விரலைக் குத்திக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தை நிர்வாகம் நிறுத்திவிட்டது.

"பிள்ளைங்க விரலக் குத்தக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. என் விரலுக்குத் தடை இல்லையே?" என்று சார் சட்டைக் கையை மடித்துவிட்டார். தன் விரலைத் தானே குத்தி, மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பொட்டு வைத்தார். "கோயில் திருநீறு மாதிரி வாங்கிக்குங்க" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

சுவரில் பாடநூல் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார். எங்கும் சிவப்பணுக்கள். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஊதா நிறக் கரு தெரிய, வெள்ளையணு. அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. தகட்டை நகர்த்தினாள், திரும்ப நகர்த்தினாள்.

"வெள்ளை ரொம்ப இருக்கு. நீ பாரு."

நான் பார்த்தேன். அரிசியில் கறுப்பு உளுந்தைக் கலந்து கொட்டியது போல எங்கே பார்த்தாலும் ஊதாப் புள்ளிகள். "சாயம் அதிகமா ஊத்திட்ட" என்றேன். எனக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. அவள் சாரைக் கூப்பிட்டாள். சார் வந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்தார், பார்த்தார். ஆமாம், அவரும் பார்த்தார்.

"தடியா இழுத்துட்டம்மா. சாயமும் தூக்கல். வேற போடு."

"அப்ப இன்னொரு சொட்டு குடுங்க சார்."

"அலமாக், ரத்தம் கேக்குறா பாரு இந்தப் பொண்ணு!" என்று வகுப்புக்கே கேட்கும்படி சொல்லி, இன்னொரு தரம் விரலை அழுத்திப் பொட்டு வைத்தார். அவள் மெல்லியதாக இழுத்தாள், சாயத்தைக் கவனமாகக் கழுவினாள். அதே உளுந்து. பக்கத்து மேசைத் தகட்டை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அதேதான். ஆனால் அந்த மேசைக்காரர்கள் சுவரைப் பார்த்து வரைந்து, பெயர் குறித்து, வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா மேசையிலும் ஒரே மனிதரின் ரத்தம். எல்லாரும் குனிந்து பார்த்தோம், நிமிர்ந்து சுவரில் இருந்ததை வரைந்தோம். அவள் மட்டும் தகட்டில் இருந்ததை வரைந்தாள். வரைந்துவிட்டு, லேப் அக்காவிடம் போய், "இத எறிஞ்சிராதீங்க அக்கா" என்று தன் தகட்டைக் கொடுத்தாள். ஆய்வுக்கூடப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்காவும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

படம் திரும்பி வந்தது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் சாரின் கையெழுத்து: 'இது ரத்தமா, சவ்வரிசிப் பாயாசமா? வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி வரை.' ஏற்கெனவே செம்பருத்தியில் போன மதிப்பெண் இருந்தது. இதுவும் போனால் ஆய்வுக்கூடத்தில் அவள் பெயில். உயிரியல் இரண்டு இல்லை. சிங்கப்பூர் ஃபேக்டரி பஸ்தான்.

கீழே மாமாக் கடையில் அவளை உட்கார வைத்து, தே ஓ ஐஸ் என்கிற பாலில்லாத ஐஸ் தேநீர் வாங்கிக் கொடுத்து, என்னால் முடிந்த மட்டும் மன்றாடினேன்.

"என் படத்தப் பார்த்து வரைஞ்சு குடு லா. அஞ்சு நிமிஷ வேல."

"அது அப்படி இல்லையே."

"இல்லாட்டிப் போகட்டும். உங்கம்மாவ நினைச்சுப் பாரு. ரெண்டு வட்டத்தக் கூட்டிக் குறைச்சுப் போட்டா இப்ப யாரு சாகப் போறா?"

அவள் உறிஞ்சிக்கொண்டிருந்த குழலை வாயிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள்.

"அது யாரு ரத்தம்?" என்று கேட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடிவரை எங்கள் இருவருக்கும் அது ஒரு படம். மதிப்பெண் உள்ள ஒரு படம். அது ஓர் ஆளின் உடம்புக்குள் ஓடுவது என்று தோன்றவே இல்லை. அவளுக்கும்தான். அவள் முகம் வெளுத்துப்போனது. "விரதம் முடிஞ்சும் இளைக்கிறாரு. சாப்பிட முடியல. இடது பக்கத்தப் பிடிச்சிக்கிறாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். பாதிக் கிளாஸ் தே ஓ அப்படியே இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆசிரியர் அறையில் சார் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வேதியியல் டீச்சரும் இருந்தார், அலுவலகத்துப் பெண்ணும் இருந்தார். நயமாகச் சொல்ல அவளுக்கு எங்கே தெரியும்?

"சார், அந்த ரத்தம் உங்களோடது. உங்களுக்கு வெள்ளையணு ரொம்ப அதிகமா இருக்கு. ஆஸ்பத்திரில காட்டுங்க. அது கேன்சரா இருக்கலாம்."

சார் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை, அன்றுதான் பார்த்தேன்.

"மார்க்குக்காக என்னைய நோயாளி ஆக்குறியா? சாபம் விடுறியா எனக்கு?"

"இல்ல சார். பார்த்தத சொல்றேன்."

"வெளிய போ."

விஷயம் முதல்வர்வரை போனது. ஆசிரியரை மிரட்டினாள் என்றே எழுதிவிட்டார்கள். எங்களை நிற்க வைத்து முதல்வர் நீளமாகக் கட்டொழுங்கு பற்றிப் பேசினார். மன்னிப்புக் கேட்டு, படத்தைத் திருத்திக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடுவதாகச் சொன்னார். சார் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "எல்லாரு முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க சார். ஆனா படம் அதான்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. முடிவுகள் வந்தபோது ஆய்வுக்கூடத்துக்கு நேரே அவளுக்குப் பெயில். அறைக்கு வந்து பெட்டியை எடுத்து, துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "உனக்கு இதுல என்னடி கிடைச்சுது?" என்று கத்தினேன். "சாரு இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகல" என்றாள். நான் எதைக் கேட்டேன், இவள் எதைச் சொல்கிறாள் பாருங்கள். பெயிலானதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. சனிக்கிழமை மாலைப் பஸ்ஸில் லாயாங் லாயாங்குக்குப் போய்விட்டாள்.

அதே சனிக்கிழமை காலையில் நடந்ததை லேப் அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

மாணவி மேல் கொடுத்த புகார் விவகாரமானதால் முதல்வர் சாரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தாராம். அவள் போட்ட தகடு எவ்வளவு மோசமானது என்று படம் பிடித்து இணைத்துவிடலாம் என்று சார் ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சொன்னார். டப்பாவிலிருந்து அவள் தகட்டை எடுத்தார். பக்கத்தில் இன்னொரு நுண்ணோக்கியில் கடையில் வாங்கிய தயார்த் தகடு ஒன்றை வைத்தார். அதைப் பார்த்தார். இதைப் பார்த்தார். திரும்ப அதைப் பார்த்தார்.

"அப்புறம் ஊசி கேட்டாரும்மா. அவரே குத்திக்கிட்டாரு. அவரே இழுத்தாரு, அவரே சாயம் போட்டாரு. எத்தன வருஷமா போடுற கை, அவரு கைல தப்பு வருமா? கண்ண வச்சாரு. அப்படியே உக்காந்துட்டாரு. பேயறைஞ்ச மாதிரி. அப்புறம் மெதுவா சொல்றாரு, 'அக்கா, இது நான் போட்டது. சாயத்தக் குத்தம் சொல்ல முடியாது'ன்னு."

நேரே கீழே இறங்கி கிளினிக்குக்குப் போனார். அவர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூட அனுப்பாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய். மெதுவாக, சத்தம் போடாமல் வளரும் வகை. அவள் சொன்ன அதே சொல்.

கேட்டதும் கைப்பேசியை எடுத்தேன். அவளை அழைத்தேன். "எந்த வார்டு?" என்றாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள், அம்மாவும் கூட வந்திருந்தார்.

கட்டிலில் சார் சின்னதாகத் தெரிந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கே ஏம்மா இன்னும் அழுத்திச் சொல்லல?"

நான் திடுக்கிட்டுப்போனேன். வெளியே போ என்றது யார், சாபம் விடுகிறாயா என்றது யார்? என் வாய்வரை வந்துவிட்டது. பயத்தில் இருப்பவர் என்ன வேண்டுமானாலும் கேட்பார் போல. அவள் கோபப்படவில்லை.

"சொன்னேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

சார் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா, சொன்ன" என்றார். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆய்வுக்கூட முடிவைச் சார் வார்டிலிருந்தே எழுதித் திருத்த வைத்தார். முதல்வர் அவளை அழைத்து ஏதேதோ பாராட்டினார். அவள், "செம்பருத்திக்கு வெட்டுன மார்க்கும் வருமா சார்?" என்று கேட்டதாகக் கேள்வி. நான் அங்கே இல்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உயிரியல் இரண்டு தொடங்கிச் சில வாரங்கள் வேறொருவர் வந்து நடத்தினார். ஒரு நாள் ஆய்வுக்கூடக் கதவைத் திறந்துகொண்டு சார் வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார், சட்டை இன்னும் தொளதொளவென்று இருந்தது. மாத்திரை போடுகிறேன் என்றார். இந்த நோய்க்கு இப்போது மாத்திரை இருக்கிறது, தினமும் போட வேண்டும், நோய் அதற்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். முற்றுவதற்கு முன்னால் கண்டுபிடித்ததுதான் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். வகுப்பில் யாரும் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பத்து வயது குறைந்துவிட்டது என்று கொஞ்சியவர்கள்தானே எல்லாரும்.

சார் சுவரில் படம் எதுவும் போடவில்லை. லேப் அக்காவிடம் ஊசி வாங்கி, எங்கள் மேசைக்கு வந்தார். விரலைக் குத்தினார். ஒரே ஒரு தகட்டில் ஒரே ஒரு பொட்டு.

"நாளைக்கு ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கணும். அதுக்கு முன்னாடி நீ பாரும்மா."

"டாக்டரு பார்ப்பாரு சார்."

"பார்ப்பாரு. நீ பாரு."

அவள் தகட்டை இழுத்தாள். காயும்வரை யாரும் இடத்துக்குப் போகவில்லை, எங்கள் மேசையைச் சுற்றியே நின்றார்கள். சாயம் ஊற்றினாள், கழுவினாள், துடைத்தாள். கண்ணை வைத்தாள். ஒரு பக்கமாக நகர்த்தி, திரும்ப நகர்த்தி, முழுத் தகட்டையும் பார்த்தாள். சார் குத்திய விரலை ஒரு பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லு, சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்த ஒரு தடவை மட்டும் சொல்லு என்று மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். அங்கே நின்ற எல்லாருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"குறைஞ்சிருக்கு சார்" என்றாள், கண்ணை எடுக்காமலேயே.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

"ஆனா இன்னும் இருக்கு."

கைதட்டல் நின்றுவிட்டது. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, குழம்பில் உப்பு பற்றிச் சொல்கிற அதே குரல். எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. சார் தலையை ஆட்டினார். "சரி. பார்த்தத வரை" என்றார்.

அவள் நிமிர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பென்சிலைத் தேடிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். நானும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் கண் வைத்திருந்த கண்ணாடி நனைந்திருந்தது.